மில்லுக்குப் போகும் அக்காமார்களுக்குப் பத்தாம் வகுப்பு: ஆன்லைன் கிளாஸ் எடுபடுமா?

சின்னாளப்பட்டிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரிலும் சுற்றுவட்டத்திலும் உள்ள மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. போன தை மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா, அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு விசாரிக்கப் போன இடத்தில் "பத்தாவது பாஸா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார். பக்கத்தில் இருந்தவர் தன் கதையை எடுத்தார், அப்புறம் அடுத்தவர், கடைசியில் "நீதான் படிச்ச புள்ளையாச்சே, எங்களுக்குச் சொல்லிக் குடேன்" என்று என் தலையில் வந்து விழுந்தது. 17 பேர். வயது 24-லிருந்து 47 வரை. பாதிப்பேர் நூல் மில், மீதிப்பேர் நூறு நாள் வேலை, கட்டட வேலை, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது என்று இருப்பவர்கள். பெரும்பாலும் எட்டாவதோடு நின்றவர்கள். நான்கு பேர் பத்தாவது எழுதிக் கணக்கிலோ ஆங்கிலத்திலோ போனவர்கள். ஒருவர் ஆறாவது.

எல்லோரையும் ஒரே நேரத்தில் நேரில் உட்கார வைக்க வழியே இல்லை, ஆளுக்கொரு ஷிப்ட். சரி, கொரோனா சமயத்தில் பிள்ளைகளே ஃபோனில்தானே படித்தார்கள் என்று இரவு 9 மணிக்கு கூகுள் மீட்டில் ஆரம்பித்தேன். முதல் நாள் 17 பேரும் வந்தார்கள், ஒரே கும்மாளம். இரண்டாவது வாரம் 6 பேர். நான்காவது வாரம் நானும் இன்னொருவரும் மட்டும், அவரும் பாதியில் "இரு, பால் பொங்குது" என்று போனவர் திரும்பி வரவில்லை. வகுப்பைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போட்டேன், யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. யூடியூபில் பத்தாம் வகுப்புக்கு நல்ல வீடியோக்கள் எவ்வளவோ இருக்கின்றன, லிங்க் அனுப்பினால் கும்பிடும் கை எமோஜி வருகிறது. அவ்வளவுதான்.

இத்தனைக்கும் படிப்பு வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இதற்கிடையில் ஒரு கம்பெனிக்காரர் வந்து, தலைக்கு 1,500 ரூபாய் கட்டினால் தங்கள் ஆப்பில் எல்லாப் பாடமும் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், மார்க்கும் உடனே தெரியும் என்கிறார். குழுப் பணத்திலிருந்து எடுக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. எனக்குத்தான் தயக்கம்.

கேள்வி இரண்டு. இவர்களுக்கு ஆன்லைனே ஒத்துவராதா, இல்லை நான் நடத்துகிற விதம்தான் கோளாறா? அப்புறம், தனித்தேர்வராக (பள்ளிக்குப் போகாமல்) நம் மாநிலப் பரீட்சையை எழுதவைப்பதா, என்.ஐ.ஓ.எஸ். என்கிற திறந்தநிலைப் பள்ளியில் சேர்ப்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "முயற்சி திருவினையாக்கும்" வகைப் பதில்கள் வேண்டாம், அது என்னிடமே நிறைய ஸ்டாக் இருக்கிறது.

பஞ்சுமிட்டாய்:

நல்ல காரியம். ஆனால் லைவ் வகுப்பு வைத்ததுதான் தப்பு என்று நினைக்கிறேன். ஷிப்ட் வேலைக்காரர்களை 9 மணிக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? பத்துப் பத்து நிமிட வீடியோவாக வெட்டிப் போடுங்கள், அவரவர் நேரத்துக்குப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா எல்லோர் ஃபோனிலும் இருக்கிறது, அதைச் சீரியலுக்கும் ரீல்ஸுக்கும் செலவழிக்கிறவர்கள் பாடத்துக்கும் செலவழிக்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் என்கிற ஆன்லைன் பாடத் தளம் 2017-லிருந்து இலவசமாக இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-ல் டேட்டா சயன்ஸ் படிப்பையே வீட்டிலிருந்து படிக்கும்படி கொண்டுவந்துவிட்டது. பாடத்துக்குப் பஞ்சமே இல்லாத காலம் இது, மனசு இருந்தால் மார்க்கம் உண்டு.

(பழமொழி சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.)

கரும்பலகை:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா, அதில் தேதி தவறினால் ஒரு வருடம் போய்விடும். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தனித்தேர்வர்கள் யாராவது இன்னமும் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மாநிலப் பரீட்சை என்றால், எட்டாவது தேறியவர் நேரடித் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். ஆறாவதோடு நின்றவர் முதலில் இ.எஸ்.எல்.சி. என்கிற எட்டாம் வகுப்புத் தனித்தேர்வில் தேறி வர வேண்டும். இரண்டையும் அரசுத் தேர்வுகள் இயக்ககம்தான் நடத்துகிறது. பத்தாவதில் ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 எடுக்க வேண்டும், போன பாடத்தை மட்டும் மறுபடி எழுதினால் போதும். ஆட்கள் சறுக்கி விழும் இடம் அறிவியல். எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. நேரடித் தனித்தேர்வர் அந்தச் செய்முறைக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்குகிற பள்ளிக்குப் போய்ப் பயிற்சியில் 80 சதவீத வருகை காட்ட வேண்டும். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது இதைக் கேட்டு விழிப்பவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். எந்த ஆப்பும் இதை முடித்துத் தராது. மில்லில் லீவு சொல்ல வேண்டிய நாட்கள் அவை, இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.

ஏற்கெனவே எழுதிப் போன நால்வரும் பழைய புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்ட வேண்டாம். பத்தாம் வகுப்புக்கு 2019-20-ல் பாடத்திட்டமே மாறிவிட்டது, மொழிப்பாடத்தில் இரண்டு தாள் இருந்ததும் ஒன்றாகிவிட்டது. புதுப் புத்தகங்கள் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன.

என்.ஐ.ஓ.எஸ். என்பது மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி, 1989-லிருந்து நடக்கிறது. பெரியவர்களுக்கு அதில் உள்ள பெரிய வசதி, பாடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம், கணக்கு இல்லாமலேகூட ஐந்து பாடம் எடுத்துத் தேறலாம். ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, வருடத்துக்கு இரண்டு பரீட்சை, 33 எடுத்தால் பாஸ். ஆனால் எடுக்க நினைக்கும் பாடம் தமிழ்வழியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். சான்றிதழை எங்கே கொடுக்கப் போகிறார்களோ அந்த அலுவலகத்திலேயே இது செல்லுமா என்று கேட்டுவிடுவதும் நல்லது. பின்னால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று நினைப்பு இருந்தால் கணக்கையும் அறிவியலையும் விடவே கூடாது. இன்னொன்று, பத்தாவது பன்னிரண்டாவது இல்லாமல் நேராகத் திறந்தநிலையில் டிகிரி வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பத்து, பன்னிரண்டு, டிகிரி என்ற வரிசையில் வராத பட்டம் தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லாது. 2009-லேயே அரசாணை வந்துவிட்டது.

சொல்லிக்கொடுப்பது பற்றி ஒன்றே ஒன்று. நூற்றுக்கு இரண்டு வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினால் மாசம் எவ்வளவு கட்டணும் என்று உங்கள் குழுவில் கேளுங்கள், வெற்றிலையை மடித்துக்கொண்டே "இருநூறு" என்பார்கள். அதையே "ஆண்டுக்கு 24% தனிவட்டி வீதத்தில் ரூ.10,000-க்கு ஓராண்டு வட்டி காண்க" என்று போர்டில் எழுதுங்கள், முகம் மாறிவிடும். இரண்டும் ஒரே கணக்கு என்று புரிகிற அந்த நொடியில் "இவ்வளவுதானா?" என்று ஒரு கோபம் வரும் பாருங்கள், இத்தனை வருடம் ஏமாந்துவிட்டோமே என்கிற மாதிரி. அந்தக் கோபம் வந்த ஆள் நின்றுவிடுவார். அதை வீடியோவில் வரவைக்க எனக்குத் தெரியவில்லை, முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வரியை எழுதுகிறேன்.

ஆப் பற்றி: அதில் தொட்டுத் தொட்டுப் பதில் சொல்லிப் பழகுவார்கள். பரீட்சை ஹாலில் மூன்று மணிநேரம் பேனா பிடிக்க வேண்டும். இருபது வருடமாகக் கையெழுத்து மட்டும் போட்ட கை அது, ஒரு பக்கம் எழுதுவதற்குள் கட்டைவிரல் வலிக்கிறது என்பார்கள். விடை தெரிந்தும் நேரம் போதாமல் போனவர்கள் நிறைய.

அரை நைட்:

நான் 31 வயதில் பத்தாவது பாஸ் செய்தவள், மூன்றாவது தடவையில். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ரிங் ஃபிரேமில் (நூல் நூற்கும் மெஷின்) சைடராக, அதாவது அறுந்த இழையை ஒட்டும் ஆளாக இருந்தேன். இப்போது வேறு வேலை. பஞ்சுமிட்டாய் அண்ணன் "மனசு இருந்தால்" என்று எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபோன் இருக்கிறது, டேட்டா இருக்கிறது என்கிறீர்கள். ஃபோன் யாருடையது? எங்கள் வீட்டில் ஒரே ஃபோன், அது என் வீட்டுக்காரர் கையில். அவர் வேலை முடிந்து வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை அது எனக்கு இல்லை, அதன்பிறகு பையன் வீட்டுப்பாடம் என்று வாங்கிக்கொள்வான். நான் சொந்தமாக ஒன்று வாங்கிய பிறகும் மில் கேட்டில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், எட்டு மணிநேரம் செக்யூரிட்டி ரூமில் கிடக்கும். சாயங்காலம் 4 மணிக்குப் போய் ராத்திரி 12-க்கு வரும் அரை நைட் வாரத்தில் 9 மணி வகுப்பு எப்படி இருக்கும்? பகல் ஷிப்ட் வாரத்தில் வரலாம்தான், ஆனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் நடந்து அறுந்த இழையை ஒட்டி ஒட்டிவிட்டு வந்தவளுக்கு ராத்திரி 9 மணிக்குக் காதில் அந்த இரைச்சல் அடங்கியே இருக்காது, டீச்சர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும், சுவரில் சாய்ந்தால் தூங்கிவிடுவேன்.

அப்புறம் கேமரா. இதை யாரும் சொல்வதில்லை. நான் முதலில் சேர்ந்த ஆன்லைன் வகுப்பில் "எல்லோரும் கேமராவைப் போடுங்க, முகம் தெரிந்தால்தான் அட்டெண்டன்ஸ்" என்றார்கள். எங்களுடையது லைன் வீடு, ஒரே அறை. எனக்குப் பின்னால் கொடியில் துணி, கட்டிலில் அவர், சில நாள் அவர் இருக்கிற நிலையில் யாருக்கும் காட்ட முடியாது. மைக்கைப் போட்டாலும் பயம், எப்போது என்ன வார்த்தை வந்து விழும் என்று தெரியாது. அதனால் நெட் இல்லை என்று பொய் சொன்னேன். இரண்டு வாரம் பொய் சொன்ன பிறகு எந்த முகத்தோடு போவது? நின்றுவிட்டேன். அக்கா, உங்கள் 17 பேரில் எத்தனை பேர் இப்படி நின்றார்களோ, கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

பின் எப்படி பாஸ் செய்தேன் என்றால், ஒரு டீச்சர். அவர் வகுப்பே வைக்கவில்லை. காலையில் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார், ஒரே ஒரு விஷயம் இருக்கும் அதில். கேட் திறக்கும்வரை ஒரு தடவை, சமையல் செய்யும்போது ஒரு பக்கக் காதில் ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை கேட்பேன். வீடியோவைக் கண்ணால் பார்க்க வேண்டும், கண்ணும் கையும் எங்களுக்கு எப்போதும் வேறு வேலையில் இருக்கும், சும்மா இருப்பது காது மட்டும்தான். கடைசியில் ஒரு கணக்கு சொல்வார். அதை நோட்டில் போட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவர் அந்தப் படத்திலேயே சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். பக்கத்தில் ஒரு வரி: "மைனஸை எங்க விட்டீங்க?" இரண்டு நாள் அனுப்பாவிட்டால் மூன்றாம் நாள் ஃபோன் வரும். பாடம் பற்றிக் கேட்க மாட்டார், "உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு ஃபோனுக்குப் பயந்துகொண்டே நான் கணக்குப் போட்டேன் என்றால் நம்புவீர்களா?

இந்த வாய்ஸ் மெசேஜும் ஆன்லைன்தான். அதனால் ஆன்லைன் ஒத்துவராது என்று நான் சொல்ல மாட்டேன்.

நார்த்தாமலை:

அரை நைட் எழுதியதைப் படித்ததும் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த எங்கள் அறிவொளி நாட்கள் ஞாபகம் வந்தன. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் தொண்டர், அப்போது கல்லூரி இரண்டாம் வருடம். ராத்திரி அரிக்கேன் விளக்கில் வகுப்பு. கல் குவாரிப் பெண்கள், பகலெல்லாம் ஜல்லி உடைத்த கை, சிலேட்டுக் குச்சியைப் பிடித்தால் ஒடிந்துவிடும், அவ்வளவு அழுத்தம்.

அவர்கள் எழுத்துக்காக மட்டும் வந்தார்கள் என்று சொன்னால் பொய். பாதி நாள் பேசத்தான் வந்தார்கள். வீட்டையும் வேலையையும் விட்டால் அவர்கள் கூடி உட்கார வேறு இடமே இல்லை. பிறகு சைக்கிள் வந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதை அறிவொளியோடு சேர்த்தார், வங்கிகளில் சைக்கிள் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. ஊர் கேலி செய்தது. ஆனாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டினார்கள், அதுவும் பலருக்கு ஜென்ட்ஸ் சைக்கிள்தான் பிடித்தது, முன்னால் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். வகுப்புக்கு வர, தண்ணீர் எடுக்க, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்றானதும் எழுத்தும் தானாகப் பின்னால் வந்தது.

அதனால் சொல்கிறேன், முதல் மாதம் பாடமே எடுக்காதீர்கள். ஃபோனைக் கற்றுக்கொடுங்கள். இன்றைய சைக்கிள் அதுதான். ஓ.டி.பி. என்றால் என்ன, வாய்ஸில் எப்படித் தேடுவது, குழு லோன் பாக்கியை எங்கே பார்ப்பது, குட்மார்னிங் படங்களை அழித்து இடம் எப்படிப் பிடிப்பது. கை பழகியபின் பாடம்.

அரை நைட்:

நார்த்தாமலை ஐயா, நீங்கள் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு வித்தியாசம். சைக்கிளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம், ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. எங்கே போய்விட்டு வந்தாய் என்று சைக்கிள் யாரிடமும் சொல்லாது. ஃபோன் சொல்லும். எங்கள் லைனில் ஒரு பெண்ணின் வாட்ஸ்அப்பை அவள் அண்ணன் தினமும் திறந்து பார்ப்பான், குழுவில் ஆண் வாத்தியார் இருக்கிறார் என்று அடியே விழுந்தது. வீட்டாரிடம் முதலில் யாராவது போய்ப் பேசாமல் குழுவில் நம்பரைச் சேர்க்காதீர்கள். அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் போய்ப் பேச வேண்டும், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

நார்த்தாமலை:

சரிதான் தாயி. இது எனக்குத் தோன்றவே இல்லை.

நூலகப்பூனை:

தொலைநிலைக் கல்வி பற்றிக் கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் ஓரமாக வந்து நான்கு வரி.

இணையத்தில் பாடத்தைப் போட்டுவிட்டால் படிக்காதவர்கள் வந்து படித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை 2012, 2013 வாக்கில் அமெரிக்காவில் உச்சத்தில் இருந்தது. 2013-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கோர்செரா என்ற இணையதளத்தில் தான் நடத்திய இலவச வகுப்புகளில் சேர்ந்தவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்தது. 80 சதவீதத்துக்கும் மேல் ஏற்கெனவே டிகிரி வைத்திருந்தவர்கள். யாருக்காகக் கதவைத் திறந்தார்களோ அவர்கள் வரவில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களே இன்னொரு சுற்றுச் சுற்றிப் போனார்கள். அதே ஆண்டு சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டி என்ற ஆன்லைன் பாட நிறுவனத்தோடு சேர்ந்து, கணக்கில் பின்தங்கியவர்களையும் சேர்த்து ஆன்லைன் வகுப்பு நடத்திப் பார்த்தது. பாதிக்கு மேல் தேறவில்லை, ஒரே பருவத்தில் நிறுத்தி வைத்தார்கள். நிறுவனத்தைத் தொடங்கிய செபாஸ்டியன் த்ரனே தங்கள் சரக்கு சரியில்லை என்று பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

இதற்கு நேர்மாறாக, பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது முன்படிப்பு எதுவும் கேட்கவில்லை. பிபிசி டிவியில் பாடம் வந்தது என்பதுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் தபாலில் வந்த பாடப் புத்தகமும், அனுப்பிய விடையைத் திருத்தித் திருப்பி அனுப்பிய ஆசிரியரும், உள்ளூர் மையமும், கோடையில் ஒரு வாரம் கூடிப் படித்ததும்தான் அதைத் தூக்கி நிறுத்தின. டிவி போனது, கேசட் போனது, இணையம் வந்தது, அந்தத் திருத்தித் தரும் ஆள் மட்டும் போகவில்லை. அரை நைட் சொன்ன சிவப்பு வட்டத்தைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

2018-ல் கேரள எழுத்தறிவுத் தேர்வில் 96 வயதில் 100-க்கு 98 வாங்கிய கார்த்தியாயினி அம்மாவை எல்லோரும் பகிர்ந்தோம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, தாளில் கையால் தேர்வு எழுதினார், அமைச்சர் லேப்டாப் பரிசளித்தது அதற்குப் பிறகு. அந்த வரிசையைப் பாருங்கள்.

பஞ்சுமிட்டாய்:

அரை நைட் அக்கா, மன்னிப்பு, இந்தத் தடவை நிஜமாகவே. கேமரா விஷயம் சுத்தமாக யோசிக்காதது. நான் வேலை செய்யும் இடத்தில் கேமரா போடாதவரைச் சோம்பேறி என்றே நினைப்போம்.

உருப்படியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்றிரண்டு எம்பிக்குள் அடங்கிவிடும், 40 நிமிட வீடியோ சுமாரான தரத்திலேயே நூறு எம்பியைத் தாண்டும். ரீசார்ஜ் தீர்ந்த நாளில்கூட யாராவது ஹாட்ஸ்பாட் போட்டால் மொத்த வாரத்துப் பாடத்தையும் ஒரு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் அந்த 1,500 ரூபாய் ஆப்: 17 பேருக்கு 25,500. அந்தப் பணத்துக்கு ஸ்டாண்டு, மெமரி கார்டு, நோட்டுப் பேனா போக மீதியை ஒரு டீச்சரின் பெட்ரோல் செலவுக்கு வையுங்கள்.

சின்னாளப்பட்டிக்காரி:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்துச் செய்தேன்.

ஆப்புக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மீட் வகுப்பை நிறுத்திவிட்டேன். நின்றுபோனவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன், அரை நைட் சொன்ன மாதிரி ஆறு மணிக்கு முன்னால். மூன்று பேர் கேமராவுக்காகத்தான் வரவில்லை. ஒருவர் ஃபோனில் சார்ஜ் பின் பழுது, அதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். ஒருவர் வீட்டில், நான் பெண்தானா என்று சந்தேகம், என் குரலைக் கேட்டும் நம்பவில்லை, நேரில் போய் நின்று மாமியார் கையில் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்த பிறகுதான் சரியானது.

இப்போது தினமும் காலை 5.30-க்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஞாயிறு காலை 10-லிருந்து 12 வரை குழுக் கட்டடத்தில் நேரில் கூடுகிறோம், அன்று எழுதிப் பார்ப்பது மட்டும்தான், முதல் வாரம் அரைப் பக்கம், இப்போது இரண்டு பக்கம். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தேன், ஒருத்தி படம் அனுப்பாவிட்டால் அடுத்தவள் போய்க் கேட்க வேண்டும். இதை நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, ஆனால் இதுதான் நன்றாக ஓடுகிறது. போன வாரம் ஒருத்தி கோபித்துக்கொண்டு, "நீ கணக்குப் போடலன்னா எனக்கில்ல கேவலம்" என்று தெருவிலேயே சண்டை போட்டிருக்கிறாள்.

வட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டினேன் ஐயா. கோபம் வந்தது. ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில் இல்லை. தவணைக்கு வாங்கிய மிக்ஸிக்கு உண்மையில் எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்று அவர்களே போட்டுப் பார்த்துவிட்டு, மொத்தப்பேரும் அந்தத் தவணைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். வகுப்பு அரைமணி நேரம் அப்படியே போயிற்று.

17-ல் 12 பேர் நிலையாக இருக்கிறார்கள். இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், ஆனால் வாய்ஸ் மெசேஜ் மட்டும் கேட்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவர் முதலில் கேட்ட அதே அங்கன்வாடி அக்கா, அது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது. எட்டுப் பேர் மாநிலப் பரீட்சை, நான்கு பேர் என்.ஐ.ஓ.எஸ். ஆறாவது படித்தவர் இ.எஸ்.எல்.சி.க்குத் தயார் ஆகிறார், அவரை எட்டுப் பேரில்தான் சேர்த்திருக்கிறேன். இன்னொருவருக்குச் சான்றிதழ் வேண்டியது பாஸ்போர்ட்டுக்காம், பத்தாவது இருந்தால் வளைகுடாப் பக்கம் வேலைக்குப் போகக் வெளிநாடு போவதற்கான குடிபெயர்வு அனுமதி முத்திரைக்கு அலைய வேண்டியதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது சரியான தகவல்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

புதுச் சிக்கல் ஒன்று. 47 வயது அக்காவின் டி.சி.யில் இருப்பது பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயர். ஆதாரில் இருப்பது கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டில் வைத்த பெயர். ரேஷன் கார்டிலும் அதுதான். விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

கரும்பலகை:

டி.சி.யில் உள்ளதைப் போட்டு விண்ணப்பித்தால் சான்றிதழும் அந்தப் பெயரில்தான் வரும், பிறகு ஆதாரோடு பொருந்தாமல் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பார். அரசிதழில் பெயர் மாற்றம் போட்டுவிடுவதுதான் நிரந்தர வழி, எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் அதற்கென விண்ணப்பம் இருக்கிறது. அதற்கு நாளாகும். அதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடக் கூடாது, அதனால் டி.சி., ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் நேரில் கேளுங்கள். அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆள் நேரில் நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

மிக்ஸிக் கணக்கு எப்படிப் போட்டீர்கள் என்று எழுதுங்கள், எனக்கும் வேண்டும்.

சின்னாளப்பட்டிக்காரி:

சரி ஐயா. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு கேட்டிருக்கிறார். மிக்ஸிக் கணக்கைப் போட்டது நான் இல்லை, முடிச்சுப் போடுகிற அக்கா. அவர் நோட்டைப் படம் எடுத்துப் போடுகிறேன், சிவப்பு வட்டம் ஒன்று இருக்கும், அது நான் தப்பாகப் போட்ட வட்டம், அவர்தான் சரி.